ஸ்டார்ட் ஆகாத ஜெட் ஸ்கீ: ஒரு செக்லிஸ்ட்டின் வரலாறு

(எபிசோடின் உரை, வாசிப்பதற்காகத் திருத்தப்பட்டது)

இன்னைக்கு எபிசோடோட ஹீரோ, ரிப்பேர் ஆகி நிற்கும் ஒரு வண்டி. ரோட்டில் ஓடுவது இல்லை, தண்ணீரில் ஓடுவது. கோவா டிரிப் போனவங்க பார்த்திருப்பீங்க. பைக் மாதிரி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அலைமேல் சீறிக்கொண்டு போகும் வாட்டர் ஸ்கூட்டர். நாம எல்லாரும் அதை ‘ஜெட் ஸ்கீ’ என்கிறோம். உண்மையில் அது கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, ஒரு கம்பெனி வைத்த பெயரே பொருளின் பெயராகிவிட்டது. யமஹா விற்பது வேவ்ரன்னர். கனடாவின் பாம்பார்டியர் கொண்டுவந்தது சீ-டூ.

இந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மெக்கானிக் ஒரு வரிசையில் பார்ப்பார். முதலில் சீட்டைத் திறப்பார். கையில் மாட்டும் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கா என்று பார்ப்பார். அப்புறம் பேட்டரி, பம்ப், பிளக், பெட்ரோல். கடைசியாக, சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கா என்பது. கேட்க போரடிக்கிற லிஸ்ட்தான். ஆனா இந்த லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கு. சில வரிகள் மனிதர்கள் செத்ததால் வந்தவை. ஒரு வரி, ஒரு ஏரி கெட்டுப்போனதால் வந்தது. இன்னொரு வரி, நியூசிலாந்தில் ஒரு ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடியதால் வந்தது.

அதனால இன்னைக்கு நாம ஒரு மெக்கானிக் பின்னாலேயே நடந்து போகப்போறோம். அவர் எதைத் தொடுகிறாரோ, அதன் வரலாற்றைப் பார்ப்போம். முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் எப்பவும் கோளாறு இல்லை. பல நேரம், யாரோ ஒருத்தர் யோசித்து எடுத்த முடிவு.

மணலில் விழுந்தவரின் ஐடியா

முதலில் வண்டி எப்படி வந்தது என்று பார்த்துடுவோம்.

1960களின் தொடக்கம். அமெரிக்காவில் கிளேட்டன் ஜேக்கப்சன் என்று ஒருவர். மோட்டோகிராஸ் பைக் ஓட்டுவதில் வெறி. மண்ணில், கல்லில் விழுந்து எழுந்து, உடம்பெல்லாம் சிராய்ப்பு. ‘இதே பைக்கைத் தண்ணீரில் ஓட்டினால், விழுந்தாலும் வலிக்காதே’ என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்லுவாங்க. 1965ல் அலுமினியத்தில் முதல் மாதிரியைச் செய்தார். அடுத்தது ஃபைபர்கிளாஸில்.

அவருடைய ஐடியாவுக்கு முதலில் உரிமம் வாங்கியது பாம்பார்டியர். பனியில் ஓடும் ஸ்கீ-டூ வண்டிகளை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. பனிக்காலத்தில் ஸ்கீ-டூ, வெயில் காலத்தில் சீ-டூ. கணக்கு நல்லாத்தான் இருந்தது. 1968ல் முதல் சீ-டூ வந்தது. உள்ளே இருந்தது காற்றால் குளிரும் ரோட்டாக்ஸ் என்ஜின், 18 குதிரைத்திறன். ஆனால் கோளாறு மேல் கோளாறு. முக்கியமாக, உப்புத் தண்ணீர் பாகங்களை அரித்தது. சில வருடங்களிலேயே பாம்பார்டியர் கடையை மூடியது. சீ-டூ என்ற பெயர் மறுபடி தண்ணீரில் இறங்க 1988 வரை ஆனது.

இடையில் கவாசாகி புகுந்தது. ஜேக்கப்சனிடம் உரிமம் வாங்கி, நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீயை 1973ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1977ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் வந்தது, ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மி’. அதில் ரோஜர் மூர் ‘வெட்பைக்’ என்ற இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. 1980களின் நடுவில் யமஹாவின் வேவ்ரன்னர் வந்தது. உட்கார்ந்து ஓட்டலாம், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். பேலன்ஸ் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதுவரை விளையாட்டு வீரர்களின் பொம்மையாக இருந்தது, அதுக்கப்புறம் யார் வேண்டுமானாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வண்டி ஆகிவிட்டது. பிரச்சனை அங்கேதான் ஆரம்பம்.

முதல் வேலை: சீட்டைத் திற, மோந்து பார்

மெக்கானிக் வண்டியிடம் வந்ததும் ஸ்டார்ட் பட்டனைத் தொட மாட்டார். சீட்டைக் கழற்றி, சில நிமிடம் திறந்து வைப்பார். பெட்ரோல் வாசனை வருதா என்று பார்ப்பார்.

நம்ம பைக்கில் பெட்ரோல் கசிந்தால், ஆவி காற்றோடு போய்விடும். படகில் அப்படி இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அடிப்பகுதியில் போய்க் குளம் மாதிரி தேங்கும். அந்த நேரத்தில் யாராவது பட்டனை அழுத்தி, ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பொறி பறந்தால் போதும். படகே வெடிக்கும்.

ஜெட் ஸ்கீ பிறப்பதற்கு ரொம்ப முன்னாடியே மோட்டார் படகுகளுக்கு இந்த ஆபத்து இருந்தது. 1940ல் அமெரிக்கா ஒரு மோட்டார் படகுச் சட்டம் கொண்டுவந்தது. படகுக்குள் இருக்கும் பெட்ரோல் என்ஜினின் கார்புரேட்டரில், தீ வெளியே தாவாமல் தடுக்கும் ஒரு வலை கட்டாயம் என்றது. என்ஜின் ‘டப்’ என்று பின்பக்கம் வெடித்தாலும் அந்தத் தீ வலையிலேயே அணைந்துவிடும். அந்த மாதிரித் தடுப்பு ஜெட் ஸ்கீக்குள்ளும் வந்தது. சீட்டைத் திறந்து வைக்கும் பழக்கமும் அதே பயத்தின் வாரிசுதான்.

அதனால, ஸ்டார்ட் ஆகலைன்னு கோபத்தில் பட்டனை அழுத்திக்கிட்டே இருப்பதுதான் முதல் தப்பு. வாசனை வந்தால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை பட்டனைத் தொடவே கூடாது.

ஒரு சின்னக் கயிறு

அடுத்தது, லிஸ்ட்டிலேயே ரொம்ப சிம்பிளான வரி. ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டும் சுருள் கயிறு. அதன் மறுமுனையில் ஒரு கிளிப். ஹேண்டில்பார் பக்கத்து ஸ்விட்சில் அந்தக் கிளிப் இல்லை என்றால், பல மாடல்களில் என்ஜின் சுற்றக்கூட மறுக்கும். ‘வண்டி செத்துப்போச்சு’ என்று வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். கிளிப் கீழே விழுந்து கிடக்கும், இல்லாட்டி சரியா உட்கார்ந்திருக்காது.

இதற்கு ஒரு நல்ல பின்கதை இருக்கு. ஆரம்பகால நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீக்களில் வேறு ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். ஆள் விழுந்தால் என்ஜின் நிற்காது. மெதுவான வேகத்துக்கு இறங்கி, வண்டி வட்டமடித்துக்கொண்டே இருக்கும். விழுந்தவர் நீந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். அமைதியான ஏரியில், நீச்சல் தெரிந்த ஒருவருக்கு அது அழகான தீர்வு. ஆனால் கூட்டமான கடற்கரையில், காற்றடிக்கும்போது, ஆளில்லாத ஒரு வண்டி தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதை யோசித்துப் பாருங்க. அதனால்தான் கயிறு வந்தது. ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கும். கிளிப் பிடுங்கினால் என்ஜின் நிற்கும்.

1998ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த வண்டிகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு கண்டுபிடிப்பு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மற்ற பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் ஆட்கள் பெரும்பாலும் மூழ்கித்தான் இறக்கிறார்கள். இந்த வண்டிகளில் மட்டும் மரணத்துக்கு முதல் காரணம் மூழ்குவது இல்லை, மோதுவது. அதாவது இது படகு மாதிரி இருந்தாலும், கொல்வது மோட்டார் பைக் மாதிரி.

ஏன் மோதுறாங்க? இந்த வண்டிக்கு சுக்கான் கிடையாது. பின்னால் பீச்சும் தண்ணீரின் திசையைத் திருப்பித்தான் வண்டி திரும்புகிறது. எதிரே ஏதாவது வந்துவிட்டால் பயத்தில் நாம என்ன செய்வோம்? ஆக்சிலரேட்டரை விட்டுடுவோம். விட்ட நொடியே தண்ணீர் பீச்சுவது நின்றுவிடும். ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பைக் ஓட்டிப் பழகிய கை, இங்கே ஆளைக் கொல்லும். இதைச் சரிசெய்ய வழி தேடச் சொல்லி அந்த வாரியம் பரிந்துரைத்தது. பிறகு வந்த வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் கொஞ்சம் திரும்பும் வசதியும், பிரேக் மாதிரியான அமைப்பும் வந்தன.

கயிற்றின் கதையும் அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் சிறிய படகுகளை ஓட்டுபவர்கள் இந்தக் கயிற்றையோ, அதே வேலையைச் செய்யும் வேறு கருவியையோ அணிந்தே ஆகவேண்டும் என்ற தேசிய அளவிலான விதி, 2021 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு லேட்!

இப்ப ஒரு கேள்வி. வாடகைக்கு எடுக்கும் இடத்தில் ‘இந்தக் கிளிப் தொல்லைங்க’ என்று அதை ஸ்விட்சிலேயே நிரந்தரமாகக் கட்டி வைத்திருந்தால்? வண்டி ஒவ்வொரு முறையும் டக்கென்று ஸ்டார்ட் ஆகும். பார்க்க வசதிதான். ஆனா அந்த வண்டியில் ஏறாதீங்க. நீங்கள் விழுந்த பிறகும் அது ஓடும்.

‘டக்’ என்ற சத்தமும் ஒரு நியூசிலாந்து ஆறும்

கிளிப் சரியாக இருக்கு. பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2க்குக் கீழே இறங்கிவிட்டால் பாதி உயிர்தான். பைக்கில் செல்ஃப் எடுக்கலைன்னா கிக்கர் இருக்கு, இல்லாட்டி நாலு பேர் தள்ளிவிடலாம். இங்கே இரண்டும் கிடையாது. தண்ணீரின் நடுவில் யார் வந்து தள்ளுவாங்க? அதனால்தான் பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டும் வேலை, கடற்கரை மெக்கானிக்குக்கு அன்றாட வேலை.

பேட்டரி நல்லா இருந்தும் ‘டக்’ மட்டும் வந்தால், அடுத்து பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்பகுதி. அங்கே ஒரு கிரில். அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இம்பெல்லர் என்ற விசிறி சுழன்று, பின்பக்கம் வேகமாகப் பீச்சும். அந்த இம்பெல்லரில் ஒரு துண்டுக் கயிறு, மீன்வலை, பிளாஸ்டிக் பை எது சுற்றிக்கொண்டாலும் என்ஜின் இறுகி நிற்கும். ஏனென்றால் என்ஜினும் இம்பெல்லரும் நேரடியாக இணைந்தவை. நடுவில் நியூட்ரல் கியர் என்று எதுவும் இல்லை.

வெளியே ஒரு சாதாரணப் புரொப்பெல்லர் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே? வில்லியம் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துக்காரரைத்தான் அதற்குக் கேட்கணும். அவர் ஊர்ப்பக்கத்து கேன்டர்பரி ஆறுகள் அகலமானவை, ஆழம் குறைவு, அடியெல்லாம் கூழாங்கல். புரொப்பெல்லர் போட்ட படகு அங்கே நாலு அடி போவதற்குள் இறக்கை உடையும். 1954ல் அவர் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும் ஜெட் படகைச் செய்தார். பீச்சும் வாயைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்ததும் வேகம் கூடியது. 1960ல் அவருடைய வகைப் படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குள், கொலராடோ ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறிக்காட்டின.

ஜேக்கப்சனின் வண்டிக்குள் இருப்பதும் இதே கொள்கைதான். வெளியே சுழலும் கத்தி இல்லாததால், விழுந்தவர்மேல் புரொப்பெல்லர் ஏறும் ஆபத்து இல்லை. அதற்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை, இந்த மாட்டிக்கொள்ளும் கயிறு. அதை எடுக்க ஒரே விதிதான் உண்டு. முதலில் கிளிப்பைக் கழற்று, அப்புறம்தான் கிரில்லுக்குள் கை. என்ஜின் ஓடும்போது நீளமான தலைமுடியோ, கழன்று தொங்கும் துணியோ அந்தப் பக்கம் போகவே கூடாது.

பிளக்ல கரண்ட் வருதா?

என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. இப்போது மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவார். நம்ம ஊர் மெக்கானிக் கேட்கும் அதே கேள்விதான்: ‘பிளக்ல கரண்ட் வருதா?’

பழைய ஜெட் ஸ்கீக்கள் எல்லாமே டூ-ஸ்ட்ரோக். உங்க அப்பா காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100 ஞாபகம் இருக்கா? 1985ல் இந்தியாவுக்கு வந்து, 1996ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதே குடும்பம்தான். ஜோசஃப் டே என்ற ஆங்கிலேயர் 1891ல் காப்புரிமை பெற்ற டிசைனில் இருந்து கிளைத்த வம்சம் இது. வால்வு கிடையாது, பாகங்கள் குறைவு, எடை குறைவு, இழுவை அதிகம். தண்ணீரில் மிதக்க வேண்டிய வண்டிக்கு இதைவிட வேறென்ன வேணும்?

ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு ஓட்டை இருக்கு. டூ-ஸ்ட்ரோக்கில் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருவதும், எரிந்த புகை வெளியே போவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். கல்யாணப் பந்தியில் முதல் பந்தி எழுந்திருக்கும்போதே அடுத்த பந்தி முண்டியடித்து உள்ளே வருகிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் சாப்பிடாமலே சிலர் வெளியே தள்ளப்படுவாங்க இல்லையா? அதே மாதிரி பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போகும். கார்புரேட்டர் வைத்த பழைய படகு என்ஜின்களில் இது 30 சதவீதம் வரைகூட இருந்தது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. பைக்கில் அது காற்றில் போகும். ஜெட் ஸ்கீயில் நேராகத் தண்ணீருக்குள் போகும்.

ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் இந்த டிசைன் இன்னொரு விதத்தில் வேலையைக் காட்டும். சோக் போட்டு ரொம்ப நேரம் பட்டனை அழுத்தினால், பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து பிளக்கை நனைத்துவிடும். ‘ஓவர்ஃப்ளோ’ என்று சொல்வோமே, அதுதான். பிளக்கைக் கழற்றி, துடைத்து, காயவிட்டு மறுபடி மாட்டவேண்டும். அவசரப்பட்டவன் கரையிலேயே நிற்பான். பொறுமையாக இருந்தவன் பத்து நிமிடத்தில் தண்ணீரில் இருப்பான்.

ஒரு ஏரி, ஒரு ரசாயனம், ஒரு டம்ளர் தண்ணீர்

இப்ப லிஸ்ட்டில் பெரிய வரிக்கு வந்தாச்சு: பெட்ரோல்.

எரியாத பெட்ரோல் தண்ணீரில் கலக்குதுன்னு சொன்னேன் இல்லையா? அந்தக் கலப்பு ஒரு நாள் குடிதண்ணீரில் தெரிந்தது. அமெரிக்காவில் காற்றைச் சுத்தமாக்க பெட்ரோலில் எம்டிபிஇ என்ற ரசாயனத்தைச் சேர்த்து வந்தார்கள். பெட்ரோல் நல்லா எரிய உதவும். ஆனால் தண்ணீரில் சுலபமாகக் கரையும், சீக்கிரம் சிதையாது, கொஞ்சம் கலந்தாலே தண்ணீர் டர்பன்டைன் மாதிரி நாறும். 1996ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம், நிலத்தடித் தொட்டிகளில் இருந்து கசிந்த இந்த ரசாயனத்தால் தன் குடிநீர்க் கிணறுகளை மூடவேண்டி வந்தது.

ஏரிகளைப் பற்றிய கேள்வியும் அப்போதுதான் சூடுபிடித்தது. கலிஃபோர்னியாவின் டானர் ஏரியில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். கோடையில் மோட்டார் படகுகள் இறங்கும்போது எம்டிபிஇ அளவு ஏறியது. ஜூலை 4 சுதந்திர தின விடுமுறையில் எகிறியது. பக்கத்தில் இருக்கும் தாஹோ ஏரி, தெளிவான தண்ணீருக்குப் பேர்போனது. அதை நிர்வகிக்கும் அமைப்பு, கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களை 1999 ஜூன் 1 முதல் தடை செய்தது. கோபம் அங்கே மட்டும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுகள் 1996லேயே இந்த வண்டிகளை மொத்தமாகத் தடை செய்திருந்தன. 1998ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், தடை செல்லும் என்றது. 2000ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும் பெரும்பாலான பூங்காக்களில் கதவைச் சாத்தியது.

இதற்கெல்லாம் நடுவில், 1996ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஒரு விதி போட்டது. புதிய படகு என்ஜின்களின் ஹைட்ரோகார்பன் புகையை 1998 முதல் 2006 வரை படிப்படியாக 75 சதவீதம் குறைக்கவேண்டும். இந்த அழுத்தத்தில்தான் 2002ல் யமஹாவும் சீ-டூவும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளோடு வந்தன. ஏரிக்கு இது நல்ல செய்தி.

இனி வருவதுதான் டுவிஸ்ட். எம்டிபிஇ ஆபத்து என்று தெரிந்ததும் கலிஃபோர்னியா 2003 முடிவோடு அதை நிறுத்தியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அதன் இடத்துக்கு வந்தது எத்தனால். கரும்பு, சோளம் மாதிரிப் பயிர்களில் இருந்து எடுக்கும் சாராயம். தண்ணீரைக் கெடுக்காது. ஆனால் அதற்குத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். காற்றின் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், ஏறத்தாழ அரை சதவீதம் வரை தண்ணீரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தொட்டியின் அடியில் போய்த் தனியாக உட்கார்ந்துவிடும். 50 லிட்டர் டேங்க் என்றால் கணக்குப் போடுங்க. 250 மில்லி. ஒரு டம்ளர் தண்ணீர்தான்!

பெட்ரோல் உறிஞ்சும் குழாய் இருப்பதும் டேங்கின் அடியில்தான். சீசன் முடிந்து ஆறு மாதம் நிறுத்தி வைத்த வண்டியை எடுத்தால், அது முதலில் குடிப்பது இந்தத் தண்ணீரும் சாராயமும் கலந்த சரக்கைத்தான். எப்படி ஸ்டார்ட் ஆகும்? போதாதற்கு, 1990களில் வந்த சில மாடல்களின் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே கரைந்து, பச்சைப் பிசின் மாதிரி கார்புரேட்டரின் சின்ன ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் குழாயின் நிறத்தைத்தான்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை எட்டிவிட்டதாக 2025ல் அரசு அறிவித்தது. உங்க பைக்கை மாதக்கணக்கில் ஓட்டாமல் மழையில் நிறுத்தி வைத்தால், டேங்குக்குள் ஈரம் சேரும் வேதியியல் இதேதான். அதனால படகு மெக்கானிக்குகள் பழைய பெட்ரோலில் பழுது பார்ப்பதே இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைப்பார்கள். நடுவில் ஒரு கோடு தெரிந்தால், வேறு எதையும் தொடாமல் டேங்கைக் காலி செய்வார்கள்.

சிலிண்டருக்குள் கடல்

கடைசி வரி. வண்டி கவிழ்ந்து, நிமிர்த்திய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது என்ஜினைச் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். தண்ணீர் விட்டுக்கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டுதான் வளையும். ஆகவே கவிழ்ந்த வண்டியில் முதலில் பிளக்குகளைக் கழற்றவேண்டும். பிளக் வயர்களைப் பத்திரமாக எர்த் செய்துவிட்டு, அதன்பிறகு சுற்றினால் தண்ணீர் ஊற்று மாதிரி வெளியே பீச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்க! டூ-ஸ்ட்ரோக் என்றால் உடனே காயவைத்து, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிடவேண்டும். ஒரு இரவு விட்டால் உள்ளே துரு வரும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இன்னொரு தலைவலி, ஆயிலிலேயே தண்ணீர் கலந்திருக்கும். ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி இருந்தால், அதை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

வண்டியின் பின்பக்கம் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகத் திருப்பி நிமிர்த்த வேண்டும் என்று காட்டும். தப்பான பக்கம் திருப்பினால் புகைக்குழாயில் தேங்கிய தண்ணீர் என்ஜினுக்குள் இறங்கும். இன்னொரு ஆபத்து, உதவி செய்யும் நல்ல மனசால் வருவது. நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இன்னொரு படகு வேகமாக இழுத்தால், பல மாடல்களில் பம்ப் வழியாகத் தண்ணீர் ஏறி, குளிரூட்டும் குழாய் வழியே போய் என்ஜினை நிறைத்துவிடும். அதனால் மெதுவாகத்தான் இழுக்கவேண்டும், அல்லது அந்தக் குழாயை கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு இழுக்கவேண்டும். இதே காரணத்துக்காக, கரையில் பைப் மாட்டிக் கழுவும்போதும் ஒரு வரிசை உண்டு. முதலில் என்ஜின் ஆன், பிறகு தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீர் ஆஃப், பிறகு என்ஜின்.

இந்த வரிசையெல்லாம் யாருக்கு உயிர்ப் பிரச்சனை தெரியுமா? மீட்புப் பணியாளர்களுக்கு. ஹவாய் தீவுகளில் பிரையன் கியாவுலானா போன்ற லைஃப்கார்டுகள், ஜெட் ஸ்கீயின் பின்னால் ஒரு மிதவைப் பலகையைக் கட்டி, ராட்சத அலைகளுக்கு நடுவிலிருந்து ஆட்களைத் தூக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். படகு நுழைய முடியாத, நீந்திப் போகவும் முடியாத இடத்தில் இந்த வண்டி நுழையும். 2013ல் போர்ச்சுகலின் நசாரேயில், பிரேசில் வீராங்கனை மாயா கபெய்ரா பெரிய அலையில் அடிபட்டு, மயங்கி மூழ்கும் நிலையில் இருந்தார். சக வீரர் கார்லோஸ் புர்லே ஜெட் ஸ்கீயில் அவரைத் தேடிப் போய்க் கரைக்குக் கொண்டுவந்தார். கபெய்ரா பிழைத்தார். பிற்பாடு அதே நசாரேயில் உலக சாதனையும் படைத்தார்.

பாருங்க, அமெரிக்க ஏரிகளில் இரைச்சல், புகை, விபத்து என்று விரட்டப்பட்ட அதே வண்டிதான், இன்னொரு கரையில் உயிர்காக்கும் கருவி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இந்த செக்லிஸ்ட். மீட்புக்குப் போகும் ஒருவரின் வண்டி இரண்டாவது அலை வருவதற்குள் ஸ்டார்ட் ஆகவேண்டும். அதற்கு அவர் காலையிலேயே பேட்டரியை அளந்திருக்கவேண்டும், பெட்ரோலைப் பார்த்திருக்கவேண்டும், கிரில்லுக்குள் குனிந்து பார்த்திருக்கவேண்டும். அதேபோல, அவர் கீழே விழுந்தால் வண்டி உடனே நிற்கவும் வேண்டும். ஸ்டார்ட் ஆகவேண்டிய நேரத்தில் ஆவதும், ஓடக்கூடாத நேரத்தில் மறுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

இப்போது வரும் வண்டிகளில் இந்த மறுப்பை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 1990களின் நடுவிலேயே சீ-டூ, கயிற்றின் கிளிப்புக்குள் ஒரு சிப் வைத்துவிட்டது. சரியான சாவி என்றால் இரண்டு சின்ன பீப். தப்பான சாவி என்றால் வண்டி நகராது. பார்ப்பதற்கு மர்மமாக இருக்கும். ஆனால் இதுவரை பார்த்த எல்லா வரிகளும் அந்தப் பெட்டிக்குள்ளும் கேள்விகளாக இருக்கின்றன. ஓட்டுபவர் கயிறு கட்டியிருக்கிறாரா? கரண்ட் போதுமா? சூடு அதிகமா?

அடுத்த முறை கடற்கரையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல், வாடகைக்கு விடும் தம்பி குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தால், ‘என்னப்பா இவ்வளவு நேரம்’ என்று அவசரப்படுத்தாதீங்க. அவர் சீட்டைத் திறந்து வைத்திருந்தால் நல்ல ஆள். உங்க கையில் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் அனுப்புவேன் என்று அடம்பிடித்தால் ரொம்ப நல்ல ஆள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், உங்க பைக்கை ரொம்ப நாளா எடுக்கலைன்னா, போய் அந்த டேங்கைக் கொஞ்சம் திறந்து பாருங்க.